இருபது வீடு, முப்பத்தோராம் பெயர்

ஜீவராணிக்குப் பிரேமினியைக் கண்டால் ஆகாது. தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவு முழுவதற்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஆள் பிரேமினிதான். லிந்துலைக்கு மேலே, ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய லயம் அது. மூன்றாம் காம்பிராவில் ஜீவராணியும் நான்காம் காம்பிராவில் பிரேமினியும் பதினாறு வருஷமாக அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். பிரேமினி அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் ஜீவராணிக்குத் தும்மல் வரும். தும்மலுக்கு முன்பே எரிச்சல் வந்துவிடும்.

பிரேமினி அவளுக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கொடுமை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிரேமினியின் சாக்குத்தான் எப்போதும் கனக்கும். அவள் புருஷன் கிஷாந்த் குடிப்பதில்லை. லயத்தில் முதன்முதலாகக் கேஸ் அடுப்பு வாங்கியது அவள். வாங்கியவள் சும்மா இருந்தாளா? “அக்கா, அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்க வாங்க” என்று கூப்பிட்டாள். ஒரு மனுஷி கெட்டவளாகவாவது இருந்து தொலைத்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். பிரேமினி அந்த ஆறுதலையும் கொடுக்கவில்லை.

ஜீவராணி இதே லயத்தில் பிறந்தவள். இதே லயத்தில் இருந்த, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஆண்டியப்பனைக் கட்டிக்கொண்டு, அதே ஒற்றை அறையில் சேலையைத் திரையாகக் கட்டி ஒரு மகளை வளர்த்தாள். மகள் சுதர்ஷினி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள், திரைக்கு அந்தப் பக்கம் அப்பா இருமுவதைக் கேட்டுக்கொண்டே இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஜீவராணியும் பதிலுக்கு இரண்டு கேட்டிருப்பாள். அவளோ மெதுவாகத்தான் சொன்னாள்.

“வீடு கெடைச்சதும் சொல்லுங்கம்மா. அப்ப வாறேன்.”

அன்றிலிருந்து ஜீவராணிக்குத் தூக்கத்திலும் வீடுதான். ஏழு பேர்ச்சஸ் காணியில், இரண்டு அறை, ஒரு குசினி, உள்ளேயே கக்கூஸ் என்று மேட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் இருபது வீடு கட்டப் போவதாகப் பேச்சு இருந்தது. கீழ்க்கணக்கில் இருப்பதோ அறுபத்தெட்டுக் குடும்பம். மண்சரிவு அபாயம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு முதல் இடம், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு லயத்து வரிசைப்படி என்று தோட்டத் தலைவர் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

இங்கேதான் ஜீவராணி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள்.

அந்த லயத்தின் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியது. வெளியே போய்ப் பார்க்க வழியில்லை. அந்தச் சுவரில் நான்காம் காம்பிராவில் தொடங்கி மூன்றாம் காம்பிரா வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்குப் பிரேமினி தன் வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்து, லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது ஜீவராணிக்கு ஒரு வருஷமாக உள்ளே கிடந்து அறுத்தது. போன தீபாவளிக்குச் சற்று முன் பிரேமினியின் மாமனார் செத்துப்போனார். துக்க வருஷம் என்பதால் அவர்களுக்குத் தீபாவளியும் இல்லை, பெயின்டும் இல்லை. இந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று ஜீவராணி களிமண்ணையும் சீமெந்தையும் குழைத்து வெடிப்பை அடைத்து, அதன்மேல் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்தாள். “வெடிப்ப மூடாத புள்ள, தண்ணி உள்ளுக்க நிக்கும்” என்று ஆண்டியப்பன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அபாய வீடு பார்க்கும் அதிகாரிகள் வந்தார்கள். பிரேமினியின் வீட்டுச் சுவர் பழைய நீலம் உரிந்து, வாயைப் பிளந்து நின்றது. அவர்கள் படம் பிடித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ஜீவராணியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களிடம், இந்த லயத்திலேயே நல்ல வீடு தன்னுடையதுதான் என்று, வீட்டு ஆசையையும் மீறிய பெருமையில் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அதிகாரிகளும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தை பிறந்து பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். பிரேமினி பதினான்காம் இலக்கம். ஜீவராணி முப்பத்திரண்டு.

அன்று ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை. பிரேமினி புது வீட்டில் குசினிக்கு என்ன கல் பதிப்பது என்று அந்தப் பக்கம் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள், இவளுக்கு நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. ஆண்டியப்பன் சோடா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். அந்த எரிச்சலுக்குச் சோடா என்ன செய்யும்? ஒரு துக்கம் வந்தால்கூட அது பிரேமினிக்கு லாபமாகத்தான் முடிகிறது என்று அவள் மனது திரும்பத் திரும்பச் சொன்னது. செத்துப்போன அந்தக் கிழவன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் எழுதலாம் என்று பட்டியலின் அடியில் போட்டிருந்தது. ஒன்பதாம் நாள் பல்வலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, ஜீவராணி தலவாக்கலைக்குப் பஸ் ஏறினாள். கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் ஒரு பெட்டிசம் எழுதி வாங்கினாள். நான்காம் காம்பிராவில் உள்ள வெடிப்பு மழையால் வந்ததல்ல, வீடு பெறுவதற்காகக் கடப்பாரையால் உடைத்தது என்பது அதன் சாரம். பெயர் போடவில்லை. கீழே ‘நலன்விரும்பி’ என்று எழுதச் சொன்னாள்.

மறுபடியும் அதிகாரி வந்தார். இந்த முறை ஒருவர் மட்டும். சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசினார். பிரேமினியின் சுவரை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, அவர் நேரே ஜீவராணியின் வாசலுக்கு வந்துவிட்டார். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மண் இறங்கி வெடித்திருந்தால் வெடிப்பு ஒரு வீட்டோடு நிற்காது, பக்கத்து வீட்டுக்கும் வந்திருக்கும் என்று அவர் விளக்கினார். பச்சைச் சுவரைக் கையால் தட்டினார்.

“அம்மா, உண்மை சொல்லுங்க. இந்தச் சுவர்ல எப்பவாவது வெடிப்பு இருந்ததா?”

அவருக்குப் பின்னால், இஸ்தோப்புத் திண்ணையில் பிரேமினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பதினாறு வருஷத்தில் பிரேமினியின் முகம் அப்படிச் சுண்டிப்போய் ஜீவராணி பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. நெஞ்சுக்குக் கீழே இருந்த எரிச்சல் தண்ணீர் ஊற்றியதுபோல் அடங்கியது. ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார்.

“இல்லீங்க ஐயா,” என்றாள் ஜீவராணி. “எங்க செவுத்துல ஒரு கீறலும் இருந்ததில்ல.”

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். பிறகு, இங்கேயும் வெடிப்பு இருந்திருந்தால் லயமே நகர்கிறது என்று முடிவெடுத்து ஆறு குடும்பத்தையும் முதல் வரிசையில் போட்டிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார். இனி அதற்கு இடமில்லை என்றும், பக்கத்து வீட்டை அபாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஜீவராணி அங்கேயே நின்றாள். கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. அந்தப் படிக்கட்டு நீளமானது, மனிதர் மெதுவாகத்தான் இறங்கினார். ஆனால் கூப்பிட்டால் பிரேமினிக்கும் அல்லவா வீடு கிடைத்துவிடும்? அவர் வளைவில் மறையும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

“ஆமான்னு ஒரு வார்த்த,” என்றார் ஆண்டியப்பன். “ஒரு வார்த்த சொல்லிருந்தா நம்ம புள்ள வந்திருக்கும்.”

திருத்திய பட்டியலை மாசியில் ஒட்டினார்கள். இரண்டு பெண்களும் வேலை முடிந்து, தலையில் போர்த்திய படங்குத் துணியோடு, பெரட்டுக்களத்துப் பலகைக்கு முன்னால் நின்றார்கள். பிரேமினி இரண்டு பெயரையும் விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு, பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நீங்க வெடிப்ப அடைச்சது எனக்குத் தெரியும் அக்கா. சுவத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன், கேட்டுச்சு. அன்னைக்கு ஐயாகிட்டச் சொல்லிருக்கலாம். பெரியவங்க நீங்க இல்லன்னு சொன்ன பொறகு, ஒங்கள எப்படிப் பொய்க்காரியாக்குறதுன்னு விட்டுட்டேன்.”

ஜீவராணிக்குக் காது சுட்டது. அடி வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நேரத்திலும் தன்னைவிட நல்லவளாக இருக்க இவளுக்கு எங்கிருந்து வருகிறது என்று பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. வேகமாக லயத்துக்கு நடந்தாள்.

சாயந்திரம் கொழும்பிலிருந்து சுதர்ஷினி போன் பண்ணினாள். பட்டியல் ஒட்டியது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பெயர் வந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டாள். ஜீவராணி இருமும் புருஷனையும், சேலைத் திரையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். முப்பத்தொன்று அவள். முப்பத்திரண்டு பிரேமினி. வீடு இருபதுதான்.

“வந்திருக்கு,” என்றாள். “பிரேமினிக்கு முன்னுக்கு.”