பாக்கெட்டுக்குள் இருந்த கை

2008இல் எனக்கு நாற்பத்து நான்கு வயது. கடலூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஒரு வருடமாகவே வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்துவிட்டது. யார் கேட்டாலும் தூக்கமில்லை என்பேன்; கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன்.

மனைவிதான் பிடிவாதமாகச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு, பார்க்கின்சன் நோய் என்றார். முழுக்கக் குணமாகாது, மாத்திரை போட்டால் பல வருடம் நன்றாகவே இருக்கலாம் என்றார். அதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் புவனகிரி தாண்டியதும் அவள் என் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்குத் தெரிய வேணாம்னா வுடுங்க. எங்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?"

மற்றவர்களிடம் மறைத்தேன். மனைவியின் தம்பி புதுவீடு கட்டிக் குடிபோனபோது, பந்தியில் சோறு சிந்துமே என்று பயந்து சாப்பிடாமலே வந்துவிட்டேன். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த முறை மனைவியோடு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்பவர். இரண்டு கைகளும் மடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"உங்களுக்கும் இதானாண்ணே?"

தலையாட்டினேன். மனைவியைத் தவிர வேறொருவரிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"மீன் வாங்க வர்றவுங்ககிட்ட நானே சொல்லிடுவேன். கை ஆடும், அரிஞ்சு தர முடியாது, வூட்ல அரிஞ்சுக்குங்கன்னு. யாரும் கோச்சுக்கினு போவல. சொல்லாம இருந்தப்பதான் பயம் ஜாஸ்தி."

வெளியே வந்ததும் மூவரும் டீ குடித்தோம். "பாதி டம்ளர் வாங்கி ரெண்டு கையால புடிங்க," என்றார் அவர். சிந்தாமல் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா மாமா சாப்புடாம போனீங்க? எம்மேல கோவம்னு இல்ல நெனச்சேன்."

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். என் கையிலிருந்த சாம்பார் சாதம் சட்டையில் விழுந்தது. அவன் எழுந்துபோய் இரண்டு ஸ்பூன் எடுத்துவந்தான். ஒன்றை என் தட்டில் வைத்தான். மற்றதால் தானும் சாப்பிட ஆரம்பித்தான்.