டென்மார்க் பிரதமரும் லா சப்பல் கதிரையும்

அடுத்தவர் வாய் திறக்கும்போது திறந்து, அவர் மூடும்போது மூடிக்கொள்வதுதான் டப்பிங் தொழில். சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும்.

பிரெஞ்சு தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகச் சித்தப்பாவோடு வதிவிட அட்டை கொடுக்கும் பிரெபெக்சூர் அலுவலகத்துக்கும் பெரியம்மாவோடு பல் வைத்தியரிடமும் அலைந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய புண்ணியவான்களே, என் கஷ்டம் உங்களுக்கு விளக்காமலே புரியும். நீங்கள் ஒரு சித்தப்பாவுக்காகப் பேசினீர்கள். நான் ஒரு நாட்டின் மந்திரிசபைக்கே பேச வேண்டியதாயிற்று.

நான் புதுச்சேரிக்காரன். விடியற்காலையில் தபால் பிரிக்கும் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இயங்கும் சின்ன இணையத் தொலைக்காட்சிக்கு வசனம் எழுதிக் குரல் பதிவு செய்யும் வேலை. டென்மார்க்கில் இருக்கும் நண்பர் ஒருவர், அந்த நாட்டு அரசியல் தொடர் ஒன்றைத் தமிழில் காட்ட உரிமை வாங்கித் தந்தார். ஒரு சின்னக் கட்சியின் தலைவி எதிர்பாராமல் பிரதமராகிவிடுகிறார். கூட்டணிக் கட்சிகள் ஒரு பக்கம் இழுக்க, பத்திரிகைக்காரர்கள் மறு பக்கம் இழுக்க, அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதுதான் கதை. டேனிஷ் மொழி எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. பிரெஞ்சு வசனத்தைப் பார்த்துத்தான் தமிழ் எழுதினேன். அதனால் என் தமிழில் ஏதாவது பிழை இருந்தால் பழியைப் பிரெஞ்சுக்காரர் தலையில் போட்டுவிடும் வசதி எனக்கு எப்போதும் இருந்தது.

கூப்பூர் மந்திரிசபை

பாரிஸ் உணவகங்களில் மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை கிடைக்கும் இடைவேளைக்குக் கூப்பூர் என்று பெயர். அந்த நேரத்தில் சிலர் குட்டித் தூக்கம் போடுவார்கள், சிலர் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் காலாற நடப்பார்கள். நான் அவர்களைப் பிடித்து வந்து மந்திரிகளாக்கினேன். உள்துறை மந்திரி கொத்துரொட்டி போடுபவர். நிதி மந்திரி யோகன், தோசைக்கல்லில் நிற்பவர். திரையில் கோட்டு சூட்டோடு கண்ணாடிக் கட்டடத்தில் கூட்டணிப் பேச்சு நடக்கும். எங்கள் அறை முழுக்க வெங்காய வாசனை அடிக்கும்.

ஒருநாள் நிதி மந்திரி பதவி விலகும் காட்சி. அந்த டேனிஷ் நடிகர் கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், பெருமூச்சு விடுகிறார், பிறகுதான் ஒரு சொல் வருகிறது. யோகனோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் துக்கம் வேண்டும் என்று மறுபடியும் எடுக்கச் சொன்னேன். மனிதர் பொறுமையிழந்துவிட்டார்.

"துக்கமெல்லாம் இருக்கு அண்ணை. ராஜினாமாவைக் கெதியா எடுங்கோ, எனக்குப் போய்ச் சம்பல் அரைக்கோணும்."

பிரதமர் கிடைத்த விதம்

பிரதமருக்குக் குரல் கொடுக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் நல்ல குரல்தான். ஆனால் அரசியல் என்றதுமே மேடை ஏறிவிட்டார்கள். டேனிஷ்காரர்கள் அரசைக் கவிழ்ப்பதைக்கூட உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் காலை வணக்கத்தையே போர் முழக்கமாகச் சொன்னார்கள். கீழேயிருந்து புடவைக் கடைக்காரர் ஓடிவந்து, மேலே என்ன கைகலப்பு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சலித்துப்போய் மரக்கறி வாங்கலாமென்று பரமநாதன் முதலாளியின் கடைக்குப் போனேன். விளம்பரம் கொடுத்து எங்கள் தொடரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். கல்லாவில் நின்ற செல்வராணி அக்காவிடம் ஒருவர், முருங்கைக்காய் முற்றல் என்று கடையே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தக் கத்த அக்காவின் குரல் தணிந்துகொண்டே போனது. கடைசியில் அந்த மனிதர் அதே முருங்கைக்காயோடு ஒரு துண்டு பூசணியும் வாங்கி, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். என் பிரதமர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி அக்கா சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"கத்தினால் வரிசை நிண்டிடும் தம்பி. மெல்லமாச் சொன்னால் ஆக்கள் நகருவினம்."

என் தமிழும் அவர்கள் வாயும்

டேனிஷ் வசனம் கடுகளவு. அதைத் தமிழில் எழுதினால் ரயில் வண்டி போல வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு எனக்குக் கொஞ்சம் இலக்கிய ஆசை உண்டு. பிரதமர் தன் ஆலோசகரிடம் ஒரு வார்த்தையில் மறுப்புச் சொல்லும் இடத்தில், 'உங்கள் யோசனையை என் மனச்சாட்சி ஏற்க மறுக்கிறது' என்று எழுதி வைத்திருந்தேன். எழுதிய இரவு எனக்கு என்னையே மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

செல்வராணி அக்கா ஒருமுறை வாசித்தார். திரையைப் பார்த்தார். பிறகு, எடை கூடிப்போன வெண்டிக்காயைத் தராசிலிருந்து எடுப்பது போல, ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது 'ஏலாது' மட்டும்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்த என்னை ஆறுதல்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள் தம்பி. ஆனால் அந்த மனுசி வாயை மூடிட்டா, நீங்கள் இன்னும் முடிக்கேல்லை."

சைக்கிள்

தொடர் ஓடத் தொடங்கியதும் தொலைபேசி ஓயவில்லை. புறநகரான லா கூர்னெவிலிருந்து ஒரு பெரியவர் ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டு எங்களைத் திருத்துவார். பிரதமர் வீட்டில் தானே கோப்பை கழுவுகிறாரே, வேலைக்காரப் பெண்ணின் காட்சியை வெட்டிவிட்டீர்களா என்பார். ஊழல் வெளிவந்ததும் மந்திரி உடனே பதவி விலகுகிறாரே, நடுவில் ஒரு பகுதியைக் காட்ட மறந்துவிட்டீர்களா என்பார். அந்த நாட்டில் அப்படித்தானாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

ஒருநாள் பிரதமர் சைக்கிளில் வேலைக்குப் போகும் காட்சி வந்தது. பெரியவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. குரலில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது.

"தம்பி, படம் எடுத்தவை ஒரு காரை இரவல் வாங்கியிருக்கலாமெல்லோ? ஒரு பிரதமரை உப்பிடியோ கேவலப்படுத்துறது?"

கல்லாவில் ஒரு பிரதமர்

குரலை வைத்தே செல்வராணி அக்காவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்துக் கல்லா காலியாக இருந்தாலும் சனம் அவர் வரிசையில்தான் நின்றது. வதிவிட அட்டையான கார்த் து செஜூருக்கு நேரம் குறிக்கும் ரந்தேவூ கிடைக்கவில்லை என்று ஒருவர் முறையிட்டார். அந்தக் கள்ளனுக்கு எதற்கு வெளியுறவுத் துறையைக் கொடுத்தீர்கள் என்று இன்னொருவர் கணக்குக் கேட்டார். சென் தெனியிலிருந்து வரும் நடராசா அண்ணை ஒரு கட்டு வல்லாரைக்காக வந்து, கூட்டணி நிலைக்குமா என்று முழு விவாதமே நடத்துவார்.

இத்தனை பேருக்கும் அக்கா நின்றபடியேதான் பதில் சொன்னார். எதிரே உள்ள பிரெஞ்சுக்காரர் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாப் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தமிழ்க் கடைகளில் மட்டும் நிற்பதுதான் வழக்கம். அக்காவின் கால் மாலையில் செருப்புக்குள் போகாத அளவுக்கு வீங்கிவிடும். ஒரு கதிரை போடுங்கள் என்று பலமுறை கேட்டும், உட்கார்ந்தால் வேலை மந்தமாகிவிடும் என்று முதலாளி மறுத்துவிட்டார். பதிவு அறையில் நான் முதல் நாள் கதிரையை இழுத்துப் போட்டபோது, அக்கா உட்காராமல் அதைத் தடவிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. முதலாளி கதிரை மறுத்ததைக் கேள்விப்பட்ட நடராசா அண்ணை, பிரதமருக்கே இந்த நிலைமையா என்று வருந்தினார். அக்கா அவருடைய வல்லாரையைப் பைக்குள் போட்டபடி சொன்னார்:

"திரையிலை நான் இருந்துகொண்டுதானே அண்ணை ஆளுறன். இஞ்சைதான் நிக்கிறன்."

முதுகு

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. நடிகர் கேமராவுக்கு முதுகைக் காட்டிவிட்டால் வாய் தெரியாது. அந்த இடத்தில் எந்த வசனத்தையும் உள்ளே நுழைத்துவிடலாம். நீண்டுபோன என் தமிழை எல்லாம் நான் முதுகுகளில்தான் இறக்கி வைப்பேன். இதைப் பரமநாதன் முதலாளியிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. அவர் விளம்பரம் கொடுத்த கையோடு எதிர்க்கட்சித் தலைவர் வேடத்தையும் கேட்டு வாங்கியிருந்தார்.

தொலைக்காட்சி விவாதக் காட்சி வந்தது. பிரதமர் ஒரு கேள்வி கேட்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் பதில் தெரியாமல் தண்ணீர் எடுக்கத் திரும்புகிறார். அந்த மௌனத்தில்தான் அவர் தோற்கிறார். எங்கள் முதலாளி வாழ்நாளில் ஒரு கேள்விக்கும் வாய் மூடி நின்றவரில்லை. நடிகர் முதுகைக் காட்டியதுதான் தாமதம், பிரதமரைப் புரட்டியெடுக்கும் பதிலைச் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த பகுதியில் பிரதமர் வென்றதாகத்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன, கதை குழம்பிவிடும் என்று நான் கெஞ்சினேன். அவர் அசரவில்லை.

"அது பேப்பர்காரர் ஆரிட்டையோ காசு வாங்கிப்போட்டு எழுதினது எண்டு அடுத்த முதுகிலை சொல்லிவிடுவம்."

ஜன்னல்

கடைசிப் பகுதியில் பிரதமர் தன் அறை ஜன்னலருகே முதுகைக் காட்டியபடி நிற்கிறார். பதவி இருக்குமா போகுமா என்று தெரியாத நேரம். வசனம் எதுவும் கிடையாது. அதே வாரத்தில் லா சப்பல் வர்த்தகர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது, பரமநாதன் முதலாளி அதில் போட்டியிட்டார். வாக்குப் போடும் கடைக்காரர்கள் எல்லாரும் தொடரைப் பார்ப்பவர்கள். அந்த ஜன்னலில், 'பரமநாதனைப் போல ஒரு தலைவர் கிடைத்தால் எந்த ஊரும் உருப்படும்' என்று பிரதமர் சொல்ல வேண்டும் என்றார். கோபன்ஹேகனில் இருப்பவருக்கு உங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதுகுதானே என்றார். விளம்பரம் நின்றால் தொடரும் நின்றுவிடுமே என்ற பயத்தில் நானும் எழுதிக் கொடுத்தேன்.

அக்கா அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். முதலாளியே மாடிக்கு வந்தார். அவருக்கு ஆட்களின் பலவீனம் தெரியும். இந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டால் நாளைக்கே கல்லாவில் கதிரை போடுகிறேன் என்றார். பதிவுக்கு வந்திருந்த யோகன், கையிலிருந்த ரோல்ஸ் பலகாரத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். அக்காவின் கால் எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவர் சரி என்று சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். மறுத்தால் கல்லா வேலையும் போகும் என்பதும் தெரியும். அக்கா திரையில் உறைந்து நின்ற அந்த முதுகைக் கையால் காட்டினார்.

"அந்த மனுசி அப்பிடிக் கதைக்க மாட்டா முதலாளி. நான் நிண்டே வேலை செய்யிறன்."

கதிரை

வேறு பிரதமரும் பார்க்கத் தெரியும், கல்லாவுக்கு வேறு ஆளும் பார்க்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார். யோகன் நேரே தோசைக்கல்லுக்குப் போனார். லா சப்பலில் ஒரு செய்தி பரவ வேண்டும் என்றால் அதைத் தோசைக்கல் பக்கத்தில் சொன்னால் போதும். மறுநாள் காலை கடைக்குப் போனேன். அக்கா வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார், அன்றோடு கடைசியோ என்று எனக்குக் கலக்கம். அப்போது நடராசா அண்ணை ஒரு மடிப்புக் கதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கல்லாவுக்குப் பின்னால் போய் அதை விரித்து வைத்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல வல்லாரை இன்றைக்குப் புதிதா என்று விசாரித்தார். பின்னாலேயே வரிசை சேர்ந்தது. அதில் புடவைக் கடைக்காரர் நின்றார், நகைக் கடைக்காரர் நின்றார், சங்கத்தில் வாக்குள்ள பாதிப் பேர் நின்றார்கள்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். கதிரையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வரிசையில் நின்ற வாக்குகளைப் பார்த்தார். பிறகு முகம் மலர, தன் கையாலேயே அக்காவை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்த படம், மதியத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது: தொழிலாளிக்குக் கதிரை தந்த முதல் முதலாளி பரமநாதன். தேர்தலில் வென்றார். தலைவரே போட்டுவிட்டாரே என்று மற்றக் கடைக்காரர்களும் வேறு வழியில்லாமல் கதிரை போட்டார்கள். ஜன்னல் காட்சி மௌனமாகவே ஒளிபரப்பானது. அக்கா அதில் ஒரு மூச்சு மட்டும் விட்டிருந்தார், லா கூர்னெவ் பெரியவர்கூட அதில் குறை கண்டுபிடிக்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நடராசா அண்ணை மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவிலிருந்து சுமந்து நடந்த கதிரைக்கு இந்த மனிதர் பேர் வாங்கிக்கொண்டாரே, நீங்கள் ஒன்றும் கேட்கப்போவதில்லையா என்று அக்காவிடம் பொருமினேன். அவர் காலை நன்றாக நீட்டிக்கொண்டு, என் தக்காளியை எடை போட்டார்.

"படம் அவரிட்டை இருக்கட்டும் தம்பி. கதிரை என்னட்டை இருக்கு."

டென்மார்க் அரசியலைத் தமிழ் பேச வைக்க நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. லா சப்பல் அரசியல் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே ஒரு போட்டோதான்.