துப்பாக்கி வீட்டு மருமகள்

மாப்பிள்ளை வீடு பார்க்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டுத் தருவைகுளம் திரும்பிய என் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் சொன்னார்: "பையன் தங்கமான பையன், வீட்ல ஒரு துப்பாக்கி இருக்கு." அம்மாவுக்கு இந்த இரண்டில் எதற்கு முதலில் முகம் மாற்றுவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது. எடுத்துக்கொண்டு போக எங்களிடம் வலையையும் மீன்கூடையையும் தவிர என்ன இருந்தது?

கல்யாணமாகி வந்த பிறகுதான் அந்தத் துப்பாக்கியின் செல்வாக்கு எனக்குப் புரிந்தது. ரயிலடியில் இறங்கி ஜட்கா வண்டிக்காரரிடம் "துப்பாக்கி வீடு" என்றால் போதும், நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, இரண்டு பெரிய தோணி ஆணிகளின் மேல் அது படுத்திருந்தது. ஒற்றைக் குழல். தேங்காய் எண்ணெய் போட்டு மாமி துடைத்துத் துடைத்து, அதன் கட்டை மினுமினுவென்று இருக்கும். இந்த வீட்டைக் காப்பது மேலே இருப்பவரா, கீழே இருப்பதா என்று வந்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. புதுப்பெண்.

மாமா தோணிக்காரர். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் பாய்மரத் தோணி ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. தான் மாதக்கணக்கில் கடலில் கிடக்கும்போது மாமி தனியாக இருப்பாரே என்று லைசென்ஸ் எடுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கியிருக்கிறார். பிறகு தோணியை விற்றாயிற்று. மாமா கரையேறிவிட்டார், துப்பாக்கி மட்டும் பதவியில் நீடித்தது. அத்தனை வருஷத்தில் அது வாங்கிய பலி ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை புயலுக்குத் தப்பித் தோணி வந்து சேர்ந்த சந்தோஷத்தில் மாமா மாடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த கல்யாணச் சேலை சல்லடையாகிவிட்டது. மாமி தன் பட்டுச்சேலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்தாராம். அண்ணி முறையில் நான் மைனி என்று கூப்பிடும் அந்தச் சேலைக்குச் சொந்தக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார். ஆனால் மறக்காமல் சொல்வார்.

துப்பாக்கியால் எங்கள் வீட்டுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்திருந்தது. தெருவில் யார் உவரி கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு கிளம்பினாலும், நகைப்பெட்டியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பெட்டியைத் துணியில் சுற்றி, மேலே கயிறு போட்டுக் கட்டியிருக்கும். தோணிக்காரக் குடும்பத்துப் பெண்கள் அல்லவா, ஒவ்வொருத்திக்கும் அவளுக்கே உரிய ஒரு முடிச்சு உண்டு. அடுத்தவள் அவிழ்த்தால் அதே மாதிரி திருப்பிப் போட வராது. பூட்டும் அதுதான், முத்திரையும் அதுதான். மாமா பெட்டியை இடது கையில் வாங்கிக்கொள்வார். வலது கையை உயர்த்தித் துப்பாக்கியின் கட்டையை ஒரு தட்டுத் தட்டுவார். "நிம்மதியாப் போய்ட்டு வா" என்பார். மாமி பெட்டியைத் தேக்கு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். இதைச் செய்யும் நாட்களில் மாமா கூடுதலாக இரண்டு இட்லி சாப்பிடுவார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது.

பிடிக்காமல் போனது என் மகன் நடக்கத் தொடங்கிய பிறகுதான். ஒருநாள் அடுக்களையிலிருந்து வருகிறேன், பிள்ளை தாத்தாவின் தோளில் உட்கார்ந்து இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மாமா, "சிங்கக்குட்டி" என்று சிரிக்கிறார். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அன்று வாய் திறந்தது.

திறந்தது என்றால் நேராக இல்லை. மாமனாரிடம் மருமகள் நேருக்கு நேர் வாதாடக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. ஆகவே நான் அடுக்களையில் நின்று மாமியிடம் சொல்வேன். முன்னறையில் நாற்காலியில் இருக்கும் மாமாவும் மாமியிடமே பதில் சொல்வார். இடையில் ஒரு சுவர், அதிலுள்ள வாசலுக்குக் கதவுகூடக் கிடையாது. எல்லாம் எல்லாருக்கும் கேட்கும்.

"பிள்ளைக்கு எட்டுற எடத்துல இந்தச் சாமான் எதுக்கு மாமி?"

"ஏளா, அவகிட்டச் சொல்லு. தோட்டா தனியா பெட்டிக்குள்ள இருக்கு, சாவி உன் இடுப்புல இருக்கு. தோட்டா இல்லாத துப்பாக்கியும் ஒரு கம்பும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா அந்த எடத்துல ஒரு கம்பையே வச்சுக்கலாம்லா மாமி?"

"கம்பப் பாத்துக் கள்ளன் பயப்படுவானா? துப்பாக்கி இருக்க வீடுன்னு தெரிஞ்சாத்தான் ஒதுங்கிப் போவான். இந்தத் தெருவே அதை நம்பித்தான் தூங்குது, கேட்டுக்கோ!"

"எங்க ஊர்ல ஒரு வீட்லயும் கிடையாது. எல்லாரும் தூங்கத்தான் செய்யுதாங்க."

இதற்கு முன்னறையிலிருந்து ஒரு செருமல் மட்டும் வரும். மாமி இரண்டு பக்கமும் "உம்" கொட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார். ராத்திரி என் கணவரிடம் கேட்டால், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்று துறைமுக ஆபீஸ் பாணியில் ஒரு பதில். அந்த மனிதர் எந்தச் சண்டையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எழுபத்தேழில் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏட்டையா வந்து வாசலில் நின்று சொன்னார். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மாமி துப்பாக்கியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கொடுத்தார். எவ்வளவு சுற்றினாலும் குழலின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு மாமா போனபோது தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அன்றைக்குப் பிள்ளையை முன்னறையில் விட்டுவிட்டு நிம்மதியாகக் குளித்தேன்.

அந்தக் கொண்டாட்டம் சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. தெருக்கோடியில் இருந்த ஒரு பெரியம்மாவின் நகைப்பெட்டி அப்போது எங்கள் அலமாரியில் இருந்தது. அடுத்த மாதம்தான் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து, சொந்தத்தில் ஒரு விசேஷம், நகை வேண்டும் என்றார். கல்யாணமே வைக்காத தவக்காலத்தில் என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. மாமி பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா முடிச்சைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். மாமா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்று மேலிருந்தே குரல் வந்தது.

அதன் பிறகு யாரும் பெட்டி கொண்டுவரவில்லை. கொண்டுவர வேண்டிய சமயம் இல்லை என்று மாமி சொல்லிப் பார்த்தார். மாமா வாசலைப் பார்த்தபடியே நாற்காலியில் கிடந்தார். தலைப்பாகை கட்டித் தோணியை நடத்தும் தண்டையலாக இருந்த மனிதர், ஒரேயடியாகச் சுருங்கிப்போனது போல் எனக்குத் தோன்றியது. துப்பாக்கி போக வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அதோடு அவரும் போக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவருக்குப் பிடித்த நெய்மீன் குழம்பை வைத்துப் பார்த்தேன். அதையும் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

ஒருவழியாகத் தேர்தல் முடிந்து முடிவும் வந்தது. துப்பாக்கியை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் மாமா மறுபடி சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். படுக்கை விரிப்பை அவரே மடித்து எடுத்துக்கொண்டார். அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏளா, அவகிட்டச் சொல்லு. இனி ஆணிய இன்னும் ஒசரத்துல அடிச்சுருதேன்" என்றார். எனக்கு வாதாட மனம் வரவில்லை. அவர் பழையபடி சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

அவர் படி இறங்கும் நேரத்தில் எதிர்வீட்டு மைனி வந்தார். அவருடைய வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர், நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்திருந்தார். அதற்காக உவரி அந்தோனியாருக்கு நேர்ச்சை இருந்தது. மாமாவின் கண் நேரே மைனியின் கையைத்தான் பார்த்தது. ஒரு கையில் துணிப்பை. மறு கையைப் பிடித்தபடி அவருடைய மகள், ஆறு வயதுச் சிறுமி, வலது கையில் மாவுக்கட்டோடு.

"பெட்டி எங்க?" என்றார் மாமா.

"நகையெல்லாம் கோயில் தெருவுல அக்கா வீட்ல குடுத்துட்டேன் மாமா," என்றார் மைனி. மாமாவின் முகம் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. "இவளத்தான் எங்கன விடன்னு தெரியல. கட்டோட கூட்டிட்டுப் போனா அந்தக் கூட்டத்துல இடிபடுவா. இங்கன விட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமிக்கே ஆச்சரியம். "எத்தன வருசமா எதுத்தாப்புல இருக்க? ஒருநாளாவது இவள இந்த வாசப்படி மிதிக்க விட்டிருக்கியா?"

மைனி தயங்கினார். தெருப் பிள்ளைகளின் பந்து எங்கள் முற்றத்தில் விழுந்தால், உள்ளே வராமல் வாசலில் நின்றே சத்தம் போடுவார்களே, அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமாவின் மீசைக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா நெனைக்காதிய மாமி. அந்தத் துப்பாக்கி இருந்த மட்டும் பிள்ளைய அனுப்ப மனசு வரல. எஞ் சேலைய என்ன பாடு படுத்துச்சுன்னு பாத்தவதான நான்? நகைய வைக்கதுக்குத் தோதான வீடு. பிள்ளைய விடுததுக்கு..." என்று நிறுத்தினார். பிறகுதான் மாமாவின் சட்டையையும் கையில் இருந்த விரிப்பையும் பார்த்தார். "எங்க மாமா கெளம்பிட்டிய? எடுக்கவா போறிய?"

மைனியின் கை மகளின் தோளைத் தன் பக்கம் இழுத்தது. அது அவர் அறியாமலே நடந்தது.

மாமா படியேறி உள்ளே வந்தார். விரிப்பை நாற்காலியில் போட்டார். அதைப் பார்த்து மகளோடு உள்ளே வந்த மைனியிடமிருந்து துணிப்பையை இடது கையில் வாங்கிக்கொண்டார். பழக்க தோஷம், அவருடைய வலது கை தானாகச் சுவரை நோக்கி உயர்ந்தது. அங்கே இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. ஒரு கணம் அந்தக் கை எதைத் தட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு இறங்கிச் சிறுமியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"நிம்மதியாப் போய்ட்டு வா," என்றார்.

மைனி போன பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "எம்மா," என்றார் என்னைப் பார்த்து. மாமியிடம் இல்லை, என்னிடமே. "பிள்ளைக்கு ரெண்டு இட்லி எடுத்துட்டு வா. எனக்கும்."

அப்போதுதான் மாமி அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, ஏதோ உப்புப் புளிக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நீங்க கொழும்புக்குப் போன நாள்லயெல்லாம் நான் அதுக்குப் பயந்துதான் அடுக்களையில படுத்தேன்."

மாமா இட்லியைப் பிட்ட கையோடு அவரைப் பார்த்தார். "இத்தன வருசமும் சொல்லலியே!"

"நீங்க ஆசையா வாங்கினிய."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமாவும் சிரித்துவிட்டார், புரையேறும் அளவுக்கு.

உவரியிலிருந்து மைனி திரும்பி வருவதற்குள் அந்தச் சிறுமி கட்டுக்கையோடு வீட்டையே தலைகீழாக்கியிருந்தாள். என் மகன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். அவளைத் தேடித் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், முற்றம் நிறைந்துவிட்டது. மாமா அவர்களுக்குத் தோணி முடிச்சு போடச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று என்னுடைய துணிக்கொடியை அறுத்துவிட்டார். துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து நேராகத் திருநெல்வேலிக்கு, லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்காரருக்கு விலைக்குப் போய்விட்டது. சில மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, ஒப்படைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

நகைப்பெட்டிகள் பழையபடி வரவில்லை. எப்போதாவது ஒன்று வரும். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும், யார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாமா பையை இடது கையில் வாங்கி, வலது கையைப் பிள்ளையின் தலையில் வைப்பார். அவர்களுடைய சட்டைகளையும் கவுன்களையும் மாமி அந்த இரண்டு ஆணிகளில்தான் மாட்டுவார். ஜட்காக்காரர்கள் மட்டும் கடைசிவரை எங்கள் வீட்டைத் துப்பாக்கி வீடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை மாற்ற நாங்களும் மெனக்கெடவில்லை.