கூரையில் தொங்கும் கப்பல்

ஹேர்னிங் நகரத்திலிருந்து மேற்குக் கடலுக்குப் போகிற வழியில், வெள்ளையடித்த ஒரு பழைய தேவாலயத்துக்குள் நிற்கிறேன். கூரையிலிருந்து மூன்று பாய்மரங்களுடன் ஒரு மரக்கப்பல் தொங்குகிறது. என் கைநீளம்தான் இருக்கும். தேவாலயத்தைப் பராமரிக்கும் ஜெயராணி அக்கா ஏணியில் நின்று அதைத் தூசி தட்டுகிறார்.

“புயலுக்குத் தப்பி வந்த மாலுமியள் குடுத்தது. உயிரோட வந்து சேர்ந்தால் இஞ்ச கப்பல் செய்து தொங்கவிடுறது அந்தக் காலத்து வழக்கம்.”

“நீங்களும் போருக்குத் தப்பி வந்தவங்கதானே அக்கா?”

“ஓம். சபைக் கூட்டத்திலயும் அப்பிடித்தான் கேட்டவை. ‘நான் பிளேனிலயெல்லோ வந்தனான், பிளேன் தொங்கவிடுவியளோ?’ எண்டு பகிடிக்குக் கேட்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. கோப்பியைக் குடிச்சுப்போட்டு வாக்கெடுத்தவை.”

அவர் காட்டிய பக்கம் திரும்புகிறேன். வாசலுக்கு மேலே ஒரு சின்ன மரவிமானம், மூக்கு பலிபீடத்தைப் பார்த்தபடி, மெல்ல ஆடுகிறது. அதன் ஜன்னல்களில் ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம்.

ஏணியிலிருந்தபடியே அக்கா சிரிக்கிறார். “அதுதான் என்ர சீற்.”