‘பிறகு’ என்ற பொத்தான்

“மூடித் தொறக்கறதுக்கு ஒரு படிப்பா? எங்க வூட்டு பீரோவ நான் தெனம் மூடித் தொறக்கறேன். எனக்கும் ஒரு டிகிரி குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லும்மா.”

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை ஷிப்ட்டு கிளார்க் கேட்ட கேள்வி இது. டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிரவுசரை ஒருமுறை மூடித் திறங்கள் சார் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

நெய்வேலியில் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டிகளை அனுப்பும் ஒரு தனியார் அலுவலகம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் போனேன். மூன்று ஷிப்ட்டுக்கும் அதே கணினிகள்தான். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே நாற்காலியில், திறந்திருக்கும் அதே பக்கத்தின் முன் உட்கார்ந்துவிடுவார். எதையும் நிறுத்தும் பழக்கமே கிடையாது.

பிரவுசரின் புதிய பதிப்பு தானாக இறங்கிக்கொள்ளும். ஆனால் மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். திரையின் மூலையில் அறிவிப்பு தெரியும், கீழே ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள். காலை ஷிப்ட்டு ‘பிறகு’ அழுத்தும். மதிய ஷிப்ட்டும் இரவு ஷிப்ட்டும் அதையேதான் அழுத்தும். அடுத்த ஷிப்ட்டு பார்த்துக்கொள்ளும் என்பது ஒவ்வொருவரின் நம்பிக்கை.

தள்ளிப்போடவும் ஒரு கெடு உண்டு. அது முடிந்த காலையில், கிளார்க் வண்டிப் பட்டியலை அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரவுசர் தானே மூடிக்கொண்டது. சேமிக்காததெல்லாம் போய்விட்டது. கம்மாபுரம் வண்டி தாமதமாகக் கிளம்ப, அதில் போனவர்களைச் சுரங்க கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “அந்த அப்டேட்டையே நிறுத்திடும்மா. எல்லா கம்ப்யூட்டர்லயும். இன்னிக்கே.”

“நிறுத்த மாட்டேன் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய பிரவுசரில் திருடர்கள் நுழைய ஓட்டை இருக்கும், வேலையாட்களின் ஆதார் விவரம், வங்கிக் கணக்கு எல்லாம் இந்தக் கணினிகளில்தான் ஏறுகின்றன என்றேன். நாளைக்கு ஏதாவது திருடு போனால் கான்ட்ராக்ட் பொண்ணுதான் நிறுத்தினாள் என்று சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மதியமே ஏஜென்சியிலிருந்து போன். “சொன்னத செஞ்சிட்டுப் போயேம்மா. ஒன் எடத்துக்கு நாலு பேரு கேட்டுக்கினு நிக்கிறாங்க.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்தான். என் அம்மா கூலிக்குப் போன வயலில் நடு என்றால் நட்டார், களை எடு என்றால் எடுத்தார். ஏன் என்று கேட்டால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். நான் ஏன் என்று கேட்கப் படித்தவள். வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். “ஷிப்ட்டு மாறும்போது போறவங்க எல்லாத்தையும் சேமிச்சிட்டு மூடட்டும், வர்றவங்க திறக்கட்டும் சார். நடுவுல தானா மூடிக்காது.”

“மறுபடி ஒரு வண்டி லேட் ஆச்சுன்னா நீ வர வேணாம். சரியா?”

“சரி சார்.”

முதல் காலையில் நானே போய் நின்றேன். இரவு ஷிப்ட்டுக்காரர் மூடிவிட்டுப் போனார், கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். பட்டியல் வந்தது. ஆனால் டிரைவர்களுக்கான டிரிப் சீட்டு அச்சுக்குப் போகவில்லை. வெளியே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“பாத்தியா? பீரோ சாவி தொலஞ்சி போச்சு,” என்றார் கிளார்க்.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். சீட்டு திரையில் தனிச் சன்னலாகத் திறக்க வேண்டும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி தெரிந்தது. அந்தச் சன்னலைப் பிரவுசரின் புதிய பதிப்பு தடுத்து வைத்திருந்தது. எங்கள் அலுவலக இணையதளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். பிரின்டர் இரைந்தது. கிளார்க் சீட்டைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.

அவர் திரும்பி வந்து, “மத்த மெஷின்லயும் இத செஞ்சி வுட்டுட்டுப் போ,” என்றார். பாராட்டு இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஷிப்ட்டு மாறும்போது இப்போது அவரே மூடுகிறார், முணுமுணுத்துக்கொண்டுதான்.

குறிஞ்சிப்பாடி சாலையில் இதே நிறுவனத்துக்கு இன்னொரு ஷெட் உண்டு. அங்கே அப்டேட்டை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்று போன வாரம் தெரிந்தது. அங்கேயும் போய் ஓட விடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். “அங்க ஏதாவது ஆச்சுன்னா அதுவும் உன் தலையிலதான்,” என்றார்.

“என் தலையிலயே இருக்கட்டும் சார்,” என்றேன்.

நேற்றுப் பேருந்து பிடித்துப் போய் அங்கிருந்த எல்லாக் கணினியிலும் அப்டேட்டை மறுபடி ஓட விட்டுவிட்டேன். ஷிப்ட்டு மாறும்போது மூடித் திறக்க வைக்க இன்றும் வந்திருக்கிறேன்; இதை அந்த ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மதிய ஷிப்ட்டுக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.