மூன்று கையெழுத்து

ஏதென்ஸில் நீதிபதி எவாந்தியாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஒரு காற்புள்ளி தவறினாலும் விடமாட்டாள். நல்ல பெயர்தான். ஆனால் அவள் படித்த கோப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்ட வெளிநாட்டவர்களின் மேல்முறையீட்டை முடிவு செய்யும் மூவரில் அவள் ஒருத்தி. ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது அபூர்வம். பெரும்பாலும் கோப்புதான் பேசும். கோப்புகள் வந்து குவிந்ததில் மூவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கொரு பங்கு. படித்தவர் தீர்ப்பெழுதுவார், மற்ற இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

“நான் சமைச்சதை ருசிகூடப் பார்க்காம முழுங்குறீங்களே எவாந்தியா, இதுக்குப் பேருதான் நம்பிக்கை,” என்று கிண்டலடிப்பார் சக நீதிபதி ஸ்தமாதிஸ்.

“வயித்தைக் கலக்கினா உங்களைத்தான் பிடிப்பேன்,” என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த தாளைப் புரட்டுவாள். கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர வேறெங்கும் கண் போகாது.

வீட்டில், படுத்த படுக்கையாகிவிட்ட அவளுடைய அம்மாவை ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தி கவனித்துக்கொண்டாள். முன்பு இருந்தவள் பெயர் நீனா. புதியவளையும் அம்மா நீனா என்றே கூப்பிட, எல்லோருக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. தங்க அனுமதி இருக்கிறதா என்று எவாந்தியா கேட்டதே இல்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் சட்டம் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே நீனா கேட்டாள். “மேடம், மேல்முறையீட்டுல மூணு நீதிபதியாமே. மூணு பேரும் படிப்பாங்களா?”

“பின்னே? ஒரு வரி விடாம படிப்போம்.”

“அப்போ சரி. தெரிஞ்சவ ஒருத்திக்காகக் கேட்டேன்.”

நீனாவின் முகம் தெளிந்தது. எவாந்தியாவுக்குத்தான் சுருக்கென்றது. அதற்காக வேலைக்காரியிடம் போய் நீதிபதிகளின் மானத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்ன?

ஈஸ்டர் முடிந்த வாரம் நீனா பையும் கையுமாகச் சமையலறையில் வந்து நின்றாள்.

“கிளம்புறேன் மேடம். என் மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. நாட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க.”

எவாந்தியா வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“கீழே உங்க கையெழுத்தும் இருந்துச்சு. சத்தியமா எனக்குக் கோவம் இல்ல. வீட்டு ஆளுன்னு பார்க்காம நியாயமாத்தான் பண்ணியிருப்பீங்க. மூணு பேரு படிச்சும் நம்பலைன்னா, நான்தான் சரியாச் சொல்லல.” அவள் குரல் தாழ்ந்தது. “என் புருஷன் போலீஸ்காரன். அவன் என்னை என்னென்ன பண்ணினான்னு எல்லாம் படிச்சிருக்கீங்க. ஆனா ஒரு பார்வையில கூட அதைக் காட்டிக்கலையே, அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன்.”

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் எவாந்தியா தாங்கியிருப்பாள். இந்த நன்றி அவளைக் கூனிக் குறுக வைத்தது. அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்பது இந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிகிறது.

தன் வீட்டில் வேலை செய்பவளின் வழக்கை அவள் தொட்டிருக்கவே கூடாது. அதை எழுதிக் கொடுத்தால் தீர்ப்பு நிற்காது. அவள் பதவியும் நிற்காது. “பத்திரமா போயிட்டு வா” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் அவள் முதலில் வாயெடுத்தாள். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

“பையைக் கீழே வை,” என்றாள் கடைசியில். “ஒண்ணு எழுதித் தரேன். இன்னைக்கே வக்கீல்கிட்ட கொண்டு போ. தடை வாங்கிடலாம்.”

தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள், பதவியை எழுதினாள். “என் வீட்டில் வேலை செய்யும்” என்று எழுதியதும் பேனா நின்றது. அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்தவள் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

“உன் பேரு என்ன?”

நீனா தாளை எட்டிப் பார்த்தாள்.

“மேடம், கோப்போட முதல் வரியே என் பேருதானே?”