முன்வரிசை டிஷ்யூ பாக்கெட்

திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமியாரை இன்று லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் சர்ச்சுக்கு அழைத்துப் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே வேறு செருப்பே இல்லை.

இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த மேசை நமக்கு; அதுபோல் முன்வரிசையில் யாரோ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருந்தார். நான் தடுப்பதற்குள் அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஜெபத்தில் வாய்விட்டு அழுதார். பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அழுறவங்களுக்குன்னே வச்சிருக்காவ பாருங்க மாப்ளே. நல்ல சபை."

பாக்கெட்டுக்குச் சொந்தக்காரரான இளைஞர் வந்து நின்றார்.

"ஆன்ட்டி, அந்த டிஷ்யூ என்னோட..."

அத்தை அவருக்கும் ஒன்றை உருவிக் கொடுத்தார். "நீங்களும் அழுதுருங்க தம்பி."

"தேங்க்யூ ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

இத்தனை வருடமாக நானும் டிஷ்யூ வைத்து இடம்தான் பிடித்திருக்கிறேன். சர்ச்சில் ஒருநாளும் அழுததில்லை.

நீங்கள்?